பயனற்ற கல் ஒன்று

பயப்படத் தெரியாதவர்களுக்கு அலுவலகங்களில் ஒரு காரியமும் நடக்காது. பயந்தவர்களுக்கும் நடக்காது, ஆனால் உட்காரச் சொல்வார்கள். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொஞ்சம் நிலம் வைத்துச் சாகுபடி செய்யும் ரெத்தினம் இரண்டாவது வகை. காக்கிச் சட்டையைக் கண்டால் அவருக்குப் பயம். கண்ணாடி போட்ட மேஜையைக் கண்டால் பயம். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓட்டுப் போடும்போது விரலில் மை வைத்தால்கூட, பின்னால் எதற்கோ ஆளைக் கண்டுபிடிக்க அடையாளம் வைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். இப்பேர்ப்பட்டவர் ஒருநாள் சுற்றுலா போனார். அதுதான் விஷயம்.

போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகவில்லை. மகள் கயல்விழிக்குப் பேராவூரணியில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. சம்பந்தி நாகநாதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "தஞ்சாவூர்ல கிளி மண்டபம் பாத்திருப்பீங்களே சம்பந்தி? அதுல ஒரு குட்டைத் தூண்ல கிளி ஒண்ணு கழுத்தத் திருப்பிக்கிட்டு இருக்கும்."

ரெத்தினம் தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் போனதில்லை. படித்த மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பாத்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம். கல்யாணத்தன்னிக்கு அதப் பத்தி விரிவாப் பேசுவோம்" என்றார் நாகநாதன். தலைமையாசிரியர்கள் ஓய்வு பெற்ற பிறகும் பரீட்சை வைப்பதை நிறுத்துவதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடிகாலையில் சீர் சாமான்களோடு வேன் புறப்பட்டது. மனைவி அம்சம், கயல்விழி, உறவுக்காரர்கள் எல்லோரும் அதில் போனார்கள். வாய்க்காலில் அன்றைக்குத்தான் முறைத்தண்ணீர் வந்தது. குறுவை நாற்றங்காலுக்குப் பாய்ச்சிவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று ரெத்தினம் மட்டும் தங்கிவிட்டார். வேன் திருவாரூரைத் தாண்டியதும் அம்சம் போன் செய்தாள்.

"ஏங்க, அம்மி வந்துருச்சு, கொழவி வரல. காலையில கடைசியா சட்னி அரைச்சுட்டு, அவசரத்துல கழுவிக் கொல்லச் செவுத்தோரமாக் கெடத்தி வச்சேன். அங்கயேதான் இருக்கும்."

"கல்யாண மண்டபத்துல அம்மி கொழவி இல்லாமலா இருக்கும்?"

"அது ஊரார் கால் பட்ட கல்லு. நம்ம பொண்ணு நம்ம அம்மியத்தான் மிதிக்கணும். கொழவி இல்லாத அம்மிய மிதிச்சா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அம்மிக்குக் குழவி பிள்ளை. வீட்டில் குழந்தை பிறந்தால் தொட்டிலில் முதலில் குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தான் குழந்தையைப் போடுவார்கள். பிள்ளை இல்லாத அம்மியை மிதித்த பெண்ணின் வீட்டில் தொட்டில் ஆடாது என்பது அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். அம்சம் மிதித்ததும் இந்த அம்மிதான். கயல்விழிக்கு முன்னால் தொட்டிலில் கிடந்ததும் இந்தக் குழவிதான்.

"மஞ்ச தடவி, புதுத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வாங்க. வழியில எங்கயும் தரையில மட்டும் வச்சிடாதீங்க. அம்மி மேலதான் எறக்கணும்" என்று சொல்லி அம்சம் போனை வைத்தாள்.

மன்னார்குடி வழியாகப் போனால் பேராவூரணி பக்கம். ரெத்தினம் குழவியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினார். நாளைக்குக் காலையில் சம்பந்தி கிளியைப் பற்றிக் கேட்பார் என்ற பயம் ஒன்றுதான் காரணம். ஒரு பயத்துக்குத் தப்பி வேறொரு பயத்தில் போய் விழுவது அவருக்குப் புதிதல்ல.

கிளி மண்டபம் மரபுக் காப்பு வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. வாசலில் நுழைவுச்சீட்டு அறை. ஆனிக் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு முழ நீளக் கல்லை அண்டை கொடுத்திருந்தார்கள். வாரியத்துச் சுவருக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்டையே அதற்கும் அடித்திருந்தார்கள். வருடா வருடம் அடித்ததில் கல் உப்பிப்போயிருந்தது. உள்ளே பஞ்சநதம் என்ற ஊழியர் உட்கார்ந்திருந்தார். அவர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "எதையும் தொடக் கூடாது, சாயக் கூடாது, உக்காரக் கூடாது" என்றார். ரெத்தினத்தின் கையிலிருந்த பையை அவர் பார்க்கவே இல்லை.

"இதுல ஒரு கல்லு இருக்குங்க" என்று ரெத்தினமே சொன்னார். சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"உள்ள போறது எங்க வேலையில வராது. வெளிய போறதத்தான் பாப்போம். போங்க பெரியவரே."

உள்ளே போனால் மண்டபத்தைக் காணோம். அடியிலிருந்து உச்சிவரை பச்சை வலை போட்டு மூடியிருந்தார்கள். வலைக்கு முன்னால் ஒரு பலகை: 'இவ்வலைக்குப் பின்னால் கிளி மண்டபம் அமைந்துள்ளது.' ரெத்தினம் வலையின் ஓட்டை வழியாகப் பார்க்கக் குனிந்தார். எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. பின்னால் நகர்ந்தார். புல்லை மிதித்ததற்கு இன்னொரு விசில். அசையாமல் நின்றார். கூட்டம் சேர்ப்பதாக ஒரு விசில் வந்தது, அவரைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

ஓரமாக ஒரு புகைப்படப் பலகை இருந்தது. மண்டபத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குட்டைத் தூண்கள், நடுவில் ஒரு தூண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் 'கிளித்தூண். தற்போது ஆய்வில் உள்ளது' என்று எழுதி, பழைய படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். உருண்டைக் கல்லில் ஒரு கிளி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. இடது பக்கம் திருப்பியிருக்கிறது என்று ரெத்தினம் மனப்பாடம் செய்துகொண்டார். அது போதும், சம்பந்திக்குப் பதில் சொல்லிவிடலாம் என்ற நிம்மதியோடு வெளிவாசலுக்கு நடந்தார்.

வெளிவாசலில் ஐயாவு என்ற காவலர் பையைப் பிரிக்கச் சொன்னார். மஞ்சள் துணியை விலக்கினார். கல்லைப் பார்த்தார், ரெத்தினத்தைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"எங்கேருந்து எடுத்த?"

"எங்க வீட்டுக் கொழவிங்க. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம்."

"உள்ளேருந்து வர்ற, கையில கல்லு இருக்கு. நான் என்னன்னு எழுதறது?"

"உள்ள வரும்போதே சொன்னேங்க, அந்த வாசல்ல."

"அது உள்வாசல். அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

ரெத்தினம் கல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். மோந்து பாருங்க, சட்னி வாசனை வரும் என்றார். ஐயாவு மோந்து பார்த்தார். வந்தது. அதனால் விஷயம் இன்னும் பெரிதாகி, மேலதிகாரியிடம் போயிற்று.

மேலதிகாரி முனைவர் வெற்றிசெல்வன். மேஜையில் கண்ணாடி இருந்தது, சட்டையில் இரண்டு பேனா இருந்தன. குழவியை வாங்கி மேஜைமேல் வைத்தார். தரையில்தானே வைக்கக் கூடாது, மேஜையில் வைத்தால் பரவாயில்லை என்று ரெத்தினம் மனதைத் தேற்றிக்கொண்டார். முனைவர் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"மேல மஞ்சள் தடவியிருக்கு. வழிபாட்டுல இருந்திருக்கு. நடுவுல தேஞ்சிருக்கு. பல தலைமுறை கை பட்டிருக்கு. ஓரத்துல மிளகாய்த் துகள் இருக்கு." நிமிர்ந்தார். "மிளகாய் நம்ம நாட்டுக்கு எப்ப வந்தது தெரியுமா?"

"காலையிலங்க. வத்த மிளகாய் வச்சுத்தான் அரைச்சா."

"போர்ச்சுகீசியர் கொண்டாந்தாங்க. நாயக்கர் காலம். இந்த மண்டபமும் நாயக்கர் காலம். ரெண்டும் சரியாப் பொருந்துது."

ரெத்தினம் துண்டால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வாதாட ஒரே ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னார்: "பலகையில போட்ட கல்லுல கிளி இருக்குங்களே. இதுல கிளி இல்லைங்களே."

"இல்ல. அதத்தான் நானும் கவனிச்சேன்" என்றார் முனைவர். "இருந்தாத்தான் சந்தேகம் வரும். எவனாவது புதுசாச் செதுக்கியிருப்பான்னு நெனைக்கலாம். இல்லாததுனால, இருந்து தேஞ்சு போச்சுன்னு உறுதியாச் சொல்லலாம்."

அப்போதுதான் ரெத்தினம் ஒன்றைக் கவனித்தார். முனைவரின் நெற்றியிலும் வேர்வை. காரணமும் கொஞ்ச நேரத்தில் வெளிப்பட்டது. கிளித்தூண் எங்கே போனது என்று வாரியத்தில் ஒருவருக்கும் தெரியாது. பழுதுபார்க்கக் கழற்றி வைத்த இடத்தில் காணவில்லை. முனைவர் வருடத்துக்கு ஒருமுறை 'ஆய்வில் உள்ளது' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஆய்வைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் மாலதி அம்மையார் அன்றைக்கு மத்தியானம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றார் முனைவர். "ஒண்ணு, பாதுகாக்கப்பட்ட சின்னத்துலேருந்து கல்லை எடுத்துட்டுப் போகும்போது பிடிபட்டீங்க. ஏழு வருஷம். இன்னொண்ணு, களவு போன கல்லை எங்கயோ கண்டெடுத்து, நாட்டுப்பற்றோட நேர்ல கொண்டாந்து ஒப்படைச்சீங்க. சால்வை."

"எங்க வீட்டுக் கொழவிங்க அது."

"அது வழி இல்ல. பிடிவாதம்."

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தார்.

"எங்க வந்துகிட்டிருக்கீங்க?" என்றாள் அம்சம்.

"மன்னார்குடி தாண்டிட்டேன்."

"கொழவி?"

"இருக்கு. கண்ணு முன்னாலதான் இருக்கு."

"ஏன் கொரல் ஒரு மாதிரியா இருக்கு? பஸ் சத்தமே காணோமே?"

"நின்னுட்டிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏழு வருடம் என்றால் கயல்விழியின் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் இல்லாமல் மேடையில் பெண் நிற்பதை நினைத்தார். குழவி இல்லாத அம்மியில் அவள் காலை வைப்பதையும் நினைத்தார். எது பெரிய பயம் என்று எடை போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நாட்டுப்பற்றுள்ளவரானார்.

மத்தியானம் மாலதி அம்மையார் வந்தார். வலைக்கு முன்னால் நாற்காலிகள் போட்டார்கள். குழவியைக் கழுவாமல், மஞ்சளும் மிளகாயும் அப்படியே இருக்க, சிவப்பு வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள். படுத்தே கிடந்த கல் வாழ்நாளில் முதல்முறையாக நின்றது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். அம்மையார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மரபு என்பது மக்களுடைய சொத்து. அதை மக்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் நம் வாரியத்தின் கடமை. இந்த மண்டபத்தைச் சென்ற ஆண்டு ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவராலும் பார்க்க முடியவில்லை. இதை ஒரு சாதனையாகவே சொல்வேன். பார்வை படுவதால் கல் தேய்கிறது என்று நாங்கள் இன்னும் நிரூபிக்கவில்லை. ஆனால் தேயாது என்று யாராவது நிரூபிக்கும்வரை வலையை எடுக்க மாட்டோம். கிளித்தூண் காணாமல் போய்விட்டது என்று சிலர் பேசினார்கள். எதைக் காணவில்லையோ அதைத்தான் நாம் மிகப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பதை அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்."

கை தட்டினார்கள். ரெத்தினமும் தட்டினார். தட்டாமலிருப்பதற்கு எத்தனை வருடம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு அவரை முன்னால் தள்ளிச் சால்வை போர்த்தினார்கள். அம்மையார் பெட்டிப் பக்கம் குனிந்து, "அந்தக் காலத்து வாசனை இன்னும் அப்படியே இருக்கு. எனக்கு ஏனோ பசிக்குது" என்றார்.

மாலை வெயில் சாயத் தொடங்கியதும் எல்லோரும் காரில் ஏறக் கிளம்பினார்கள். நீங்களும் போகலாம் என்று முனைவர் ரெத்தினத்திடம் சொன்னார். அவர் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் அழறார்?" என்றார் அம்மையார்.

"கல்லோட ஒரு பிணைப்பு ஏற்பட்டுடுச்சு மேடம்" என்றார் முனைவர் அவசரமாக.

"அம்மா, வெறுங்கையோட போனா கல்யாண வீட்டுல என்னத்தம்மா அம்மி மேல வைப்பேன்? பொண்ணு வெறும் அம்மிய மிதிக்கக் கூடாதும்மா. ஏதாவது ஒரு கல்லாவது குடுங்க. உருண்டையா இருந்தாப் போதும்."

அம்மையார் இரக்கமுள்ளவர். "பாவம், கல்லுதானே கேட்கிறார். மரபுக்கு மதிப்பில்லாத கல்லா ஏதாவது பாத்துக் குடுத்தனுப்புங்க வெற்றிசெல்வன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

முனைவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் சுற்றுமுற்றும் பார்த்தார். வளாகத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் வாரியம் எண் போட்டிருந்தது. எண் போடாதது ஒன்றே ஒன்று, கதவுக்கு அண்டை கொடுத்த கல். "இது எப்பவும் இங்கயேதான் சார் கெடக்கு. யாருதுன்னே தெரியாது" என்று சொல்லி அதைக் காலால் தள்ளிவிட்டார். ரெத்தினம் பாய்ந்து அதை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டார். முனைவர் ஒரு சீட்டு எழுதினார்: 'பயனற்ற கல் ஒன்று. வெளியே கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுகிறது.' வெளிவாசலில் ஐயாவு சீட்டைப் படித்துவிட்டு, பையைத் திறக்காமலே அனுப்பினார். பின்னால் நுழைவுச்சீட்டு அறையின் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும் சத்தம் பஸ் நிறுத்தம்வரை கேட்டது.

பேராவூரணியில் இறங்கியபோது கல்யாண மண்டபத்தில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். அம்சம் துணியைப் பிரித்தாள்.

"இது யாரு வீட்டுக் கொழவி?"

ரெத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்சம் சொல்லி, கொஞ்சம் அழுது, சால்வையையும் எடுத்துக் காட்டினார். அம்சம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சரி. கல்லப் பெயின்டோட வைக்க முடியாது" என்று சொல்லி, சமையல்கட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. அடியில் கல் வழவழவென்று கறுப்பாக இருந்தது. நல்ல கல்லாத்தான் குடுத்திருக்காங்க என்றாள். ஒரு பக்கம் மட்டும் நகத்தில் ஏதோ நெருடியது. அங்கே அழுத்தித் தேய்த்தாள்.

முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு கண். பிறகு கழுத்து.

கிளி இடது பக்கம் திரும்பியிருந்தது.

ரெத்தினம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏழு வருஷம்" என்றார். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் பொய்ப் பயம், செய்யாத குற்றத்துக்குப் பட்டது. இப்போது நிஜமாகவே செய்துவிட்டார். அதற்கு அனுமதிச் சீட்டும் சட்டைப் பையில் இருந்தது.

"யாராச்சும் வந்துருவாங்க, எந்திரிங்க" என்றாள் அம்சம். கைநிறைய மஞ்சளைக் குழைத்துக் கிளியின் மேல் கெட்டியாக அப்பினாள். மூக்கு மறையவில்லை. இன்னொரு கை அப்பினாள்.

மறுநாள் முகூர்த்தத்தில் கயல்விழி அம்மியில் காலை வைத்தாள். அவள் கட்டை விரலுக்குப் பக்கத்தில் கிளி குப்புறப் படுத்திருந்தது. மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்தபோது, கல்லை எங்கே புரட்டிவிடுவாரோ என்று ரெத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணைப் பிரியப்போகும் துக்கம் என்று சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் நாகநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்புறம் சம்பந்தி, கிளி மண்டபம்."

"கிளி கழுத்த இடது பக்கம் திருப்பிக்கிட்டு இருக்குங்க. மூக்கு நுனியில லேசா உடைஞ்சிருக்கு. கல்லு கறுப்பு" என்றார் ரெத்தினம்.

"மூக்க நான்கூடக் கவனிச்சதில்லையே" என்று நாகநாதன் வியந்துபோனார். பரீட்சையில் தேறியாகிவிட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'களவுபோன கிளித்தூண் மீட்பு. விவசாயியின் நேர்மை' என்று போட்டு, சால்வையோடு ரெத்தினம் நின்றார். படத்தில் அவர் முகம் கைதான ஆளைப் போலத்தான் இருந்தது. நாகநாதன் அதை வெட்டிச் சட்டம் போட்டு, வீட்டில் சீரோடு வந்த அம்மிக்கு நேர் மேலே மாட்டிவைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டுவார். அப்படிக் காட்டும்போது அவர் கால் கல்லில் இடிக்கும்.

ரெத்தினத்துக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் வயலுக்குப் போய்விடுவார். போன் அடித்தால் அம்சத்தை எடுக்கச் சொல்வார். கல் பேராவூரணியில் இருந்தது, பயம் நன்னிலத்தில் இருந்தது. இந்த நிலையில்தான் கயல்விழி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. எல்லோரும் சர்க்கரை தின்றார்கள். ரெத்தினம் தொட்டிலை நினைத்தார். திருட்டுக் கல்லைக் கிடத்திய இடத்தில் பேரப்பிள்ளையைக் கிடத்த அவருக்கு மனம் இல்லை.

"அவங்க கல்ல அவங்ககிட்டக் குடுத்துட்டு, நம்ம கொழவியக் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் அம்சத்திடம். இவ்வளவு பயந்த மனிதர் இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தடுக்கவில்லை. பேராவூரணிக்குப் போய், நாகநாதன் வாக்கிங் போயிருந்த நேரத்தில் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தார்.

நுழைவுச்சீட்டு அறையின் கதவுக்கு இப்போது ஒரு நாற்காலியை அண்டை கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு பலகை: 'உள்ளே கற்கள் கொண்டுசெல்லத் தடை. மீறினால் ஏழாண்டுச் சிறை.'

பஞ்சநதம் பையைப் பிடித்து நிறுத்தினார். "என்ன இருக்கு?"

"கல்லுங்க."

"பலகையப் பாத்தீங்கள்ல? ஒங்களுக்கு அப்புறம்தான் இந்தச் சட்டமே வந்துச்சு. உள்ள போற கல்லையும் நாங்களே பாக்கணுமாம்."

"உள்ள போக வேணாங்க. நீங்களே வாங்கிக்குங்க. அன்னிக்கு நீங்க குடுத்த கல்லுதான்."

"அது பயனற்ற கல்லுன்னு எழுதிக் குடுத்தாச்சு. அதத் திரும்ப வாங்க இங்க யாருக்கும் அதிகாரம் கெடையாது. எடுத்துட்டுப் போங்க பெரியவரே."

ரெத்தினத்துக்கு வேறு வழி தெரியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, துணியை ஒரு ஓரமாக விலக்கிக் காட்டினார்.

பஞ்சநதம் கிளியைப் பார்த்தார். கிளி பஞ்சநதத்தைப் பார்க்கவில்லை, அது இடது பக்கம் திரும்பியிருந்தது. அவர் தலையைத் தூக்கி, உள்ளே கண்ணாடிப் பெட்டி இருக்கும் திசையைப் பார்த்தார். முனைவருக்கு அந்தக் கண்டுபிடிப்புக்காகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அம்மையார் அதைப் பற்றி வெளிநாட்டில் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். இந்தக் கல் இத்தனை வருடம் எந்தக் கதவுக்கு அண்டையாக நின்றது, அந்தக் கதவுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் பஞ்சநதத்தின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. உதடு வெளுத்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்த முகத்தை ரெத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

பஞ்சநதம் தன் கையாலேயே துணியை இழுத்து மூடினார்.

"அண்ணே" என்றார். பெரியவர் அண்ணன் ஆகிவிட்டார். "இத நீங்க காட்டல. நான் பாக்கல. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குண்ணே."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குங்க. அவளுக்காகத்தான் வந்தேன். எங்க கொழவியக் குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"அது இனிமே கொழவி இல்லண்ணே. வெளிய எடுத்தா எத்தன பேரு உள்ள போகணும் தெரியுமா? போயிடுங்க. போயி இதுலயே சட்னி அரைங்க. யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு எங்கள்ல ஒருத்தருக்கும் தைரியம் கெடையாது."

ரெத்தினம் கல்லை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். பயம் போகவில்லை. ஆனால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பஸ் நிறுத்தத்தை நெருங்கியபோது பின்னாலிருந்து ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால், மூச்சு வாங்கியபடி பஞ்சநதம் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, யாரு கண்ணுலயாவது பட்டுடப் போவுது. வழியில எங்கயும் தரையில மட்டும் வச்சிடாதீங்க."

ரெத்தினம் தலையாட்டினார். பேராவூரணி பஸ்ஸில் நல்ல கூட்டம். கடைசிவரை நின்றுகொண்டே போனார்.